சிவப்புச் சோப்பும் முருகன் படமும்

விற்பனைப் பாடம் நடத்த வந்திருக்கும் உங்கள் மேசைமேல் முதல் நாளே ஒரு மெல்லிய புத்தகத்தை வைத்திருப்பார்கள். பச்சை அட்டை. உள்ளே ஆறு கடைகளின் கதை. ஆறையும் எழுதியவன் நான். ஐந்து கதைகளைப் பற்றி எனக்கு வெட்கம் இல்லை. மூன்றாவது கதை, சிவப்புச் சோப்பின் கதை, பொய்.

எழுதும்போது எனக்கு அது பொய் என்று தெரியாது. தெரிந்த பிறகும் ஒரு தடவை சபை முன்னால் நின்று அதை நடத்தினேன். அதற்குப் பிறகு புத்தகம் அச்சுக்குப் போனபோது பிழை திருத்திக் கொடுத்ததும் நான்தான். அச்சுப் பிழை ஒன்றுகூட இருக்காது, நம்பிப் படிக்கலாம். ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டியவன் இப்போது உங்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணம் அந்தப் புத்தகம் இன்னும் உங்கள் மேசையில் இருப்பதுதான். தலைமையாசிரியரிடம் இந்தக் காகிதத்தைக் காட்டாதீர்கள் என்றெல்லாம் சொல்லமாட்டேன். தாராளமாகக் காட்டுங்கள்.

நான் ரயில்வே சரக்கு ஆபீசில் கிளார்க்காக இருந்தவன். யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலம், வெள்ளைக் கோட்டு, ஞாயிற்றுக்கிழமையும் கழற்றாத டை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்சுக்குப் பின்னால் இந்தப் பள்ளிக்கூடம் தொடங்கியபோது, ஆங்கிலம் தெரிந்தவர் என்ற ஒரே தகுதிக்காக என்னைக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து மாலை ஐந்தரைக்கு வகுப்பு. ரயில் போகும்போதெல்லாம் பெஞ்சு நடுங்கும். வருகிறவர்கள் துணிக்கடைச் சிப்பந்திகள், மளிகைக் கடை ஆட்கள், சின்னக் கம்பெனிகளில் கணக்கெழுதும் கிராணிமார்கள். கிள்ளானிலிருந்து ரயில் பிடித்து வந்தவர்களும் உண்டு. நாள் முழுக்க நின்ற கால்களை நீட்டிக்கொண்டு உட்காருவார்கள். நான் லண்டனில் அச்சான ஒரு புத்தகத்தை வாசிப்பேன். அவர்கள் தூங்குவார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை.

ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நம் தெருவிலேயே அடுத்தடுத்து இருந்த இரண்டு காப்பிக் கடைகளைப் பற்றிச் சொன்னேன். ஒன்றில் உட்கார இடம் கிடைக்காது, மற்றதில் முதலாளி ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். காப்பி இரண்டிலும் ஒன்றுதான். கதையைப் பாதியில் நிறுத்தி, தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பி, "இப்ப நீர்தான் இந்தக் கடை முதலாளி. என்ன செய்வீர்?" என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன பதில் லண்டன் புத்தகத்தில் இல்லாதது. வாசலில் கிடக்கிற பெஞ்சைத் திருப்பிப் போடுவேன், இப்போது உட்காருகிறவன் முகத்தில் சாயங்கால வெயில் அடிக்கிறது என்றார். அன்றிலிருந்து நான் கடைக் கதை வாத்தியார் ஆனேன். அந்தக் கேள்வி என் முத்திரையாகவே ஆகிவிட்டது. என்னைத் தெருவில் பார்த்தால்கூட, "இப்ப நீர்தான் முதலாளி" என்று எனக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

பெருமை வந்தால் பெரிய கதை வேண்டியிருக்கிறது. காப்பிக் கடை போதவில்லை. ஒரு பெரிய ஏஜென்சியின் கதை வேண்டும் என்று அலைந்தேன். அப்போது சிலாங்கூர் ரப்பர் தோட்டங்களில் ஒரு சோப் பிய்த்துக்கொண்டு போனது. பெயர் வேண்டாம், சிவப்புச் சோப் என்றே வைத்துக்கொள்வோம். அதை விற்ற ஏஜென்சியின் விற்பனை மேனேஜர் ஒரு தமிழர். நல்ல மனிதர். நம் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுத்தவர், ஆண்டு விழாவில் தலைமை வகிப்பவர். ஏஜென்ட் ஐயா என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவரிடம் போய், உங்கள் வெற்றிக்குக் காரணம் என்ன, என் மாணவர்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து சோப்பின் மேலுறையை எடுத்துக் காட்டினார். மூன்று வர்ணத்தில் வள்ளி தெய்வானையோடு முருகன்.

முதல் இரண்டு வருஷம் வெறும் காகிதத்தில் சுற்றி அனுப்பினார்களாம், சுமாராகத்தான் போனதாம். படம் போட்ட பிறகு விற்பனை மளமளவென்று ஏறியதாம். "நம்ம ஜனங்களுக்கு என்ன வேணும்னு நமக்குத் தெரியாதா சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதை அவரே நம்பினார். ஜெயித்தவரிடம் போய் ஏன் ஜெயித்தீர்கள் என்று கேட்டால் தனக்குப் பிடித்த காரணத்தைத்தான் சொல்வார். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

நேரில் பார்க்காமல் எழுதமாட்டேன் என்றேன். அந்த மட்டும் எனக்குப் புத்தி இருந்தது. அவர் தம் மோட்டார் காரிலேயே என்னைக் கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அழைத்துப் போனார். கார் தோட்டத்துக் கடை வாசலில் நின்றது. உள்ளே போனால் சுவர் தெரியவில்லை, அத்தனை முருகன். அரிசி மூட்டைக்கு மேல், கருவாட்டுக் கூடைக்கு மேல், கதவின் பின்புறம்கூட அந்த மேலுறைகளை வரிசையாக ஒட்டியிருந்தார் கடைக்காரர். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினேன். கடைக்காரர் சோடா உடைத்துக் கொடுத்தார்.

அப்போது ஒரு பெண் வந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு அப்படியே வந்தவள், முழங்கைவரை மரப்பால் காய்ந்து தோல் உரிந்ததுபோல் இருந்தது. உறைந்த ஒட்டுப்பாலின் நாற்றம் கடைக்குள் வந்தது. நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேன். கடைக்காரர் சிவப்புச் சோப்பின் நீளக் கட்டி ஒன்றை எடுத்து, நூல் வைத்து ஒரு துண்டு அறுத்து, பழைய பத்திரிகைத் தாளில் சுருட்டிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கோட்டுப் போட்ட ஆளை வேடிக்கை பார்த்தாளோ, ஏதாவது கேட்பான் என்று நின்றாளோ. நான் எதுவும் கேட்கவில்லை. தோட்டத்துப் பெண்ணிடம் நான் என்ன கேட்பது? எழுதி முடித்துவிட்டுக் காரில் ஏறினேன்.

கதை பிரமாதமாக வந்தது. படம் போடாத இரண்டு வருஷம், மேனேஜரின் கவலை, அங்கே நிறுத்தி என் கேள்வி, பிறகு முருகன். வகுப்பில் கை தட்டுவார்கள். பல வருஷம் நடத்தினேன்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் வீராசாமி. கிள்ளான் துணிக்கடை ஒன்றில் சிப்பந்தி, இருபத்தைந்து வயதிருக்கும். புதிதாகக் கலியாணம் ஆனவர். நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வார். கேள்வி கேட்டால் மற்றவர்கள்போல் முந்திக்கொண்டு சொல்லமாட்டார், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு அடுத்த நாள் வந்து சொல்வார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, சார், அந்த சோப்பு கதையில ஒரு ஓட்டை இருக்கு, கட்டி பெருசா இருக்கறதால எல்லாருக்கும் படம் கிடைக்காதே, சின்னச் சின்ன வில்லையா போட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம் சுத்தினா இன்னும் நல்லா போகுமே என்றார்.

அங்கே நான் நின்றிருக்க வேண்டும். எல்லாருக்கும் படம் கிடைக்காதே என்று அவர் சொன்னபோது அந்தப் பத்திரிகைத் தாள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "நீர் கெட்டிக்காரர். செய்து பாரும்" என்று முதுகில் தட்டினேன்.

செய்து பார்த்தார். துணிக்கடை வேலையை விட்டார். மனைவியின் நகைகளை விற்றார், தாலி மட்டும் மிஞ்சியது. கிள்ளானில் ஒரு சோப் பட்டறைக்காரரிடம் சந்தன வாசனையில் வில்லைகள் போடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தாமரையில் நிற்கும் லட்சுமி படம் சுற்றினார். முதல் வில்லையை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வகுப்பில் தூக்கிக் காட்டி, பாருங்கள், பாடம் படித்தால் இப்படிப் படிக்க வேண்டும் என்றேன். பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் போகிறார் என்றார்கள். வியாபாரம் சூடு பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஆண்டு விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் குவாட்டர்சில் என் வீட்டுக்கு வந்தார். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

சோப் ஒரு தோட்டத்திலும் போகவில்லை என்றார். கடைக்காரர்கள் முதல் தடவை வாங்கினார்கள், பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏன் என்று அவர்களிடம் கேட்டிருக்கிறார், வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். கடைசியில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கே போய், தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்களிடம் கேட்டிருக்கிறார். எத்தனையோ வருஷமாகப் பாடம் நடத்திய நான் செய்யாத வேலை அது.

"அவங்க சிரிக்கிறாங்க சார். சந்தன சோப்பு போட்டா பால் நாத்தம் போகலையாம், நாத்தத்துக்கு மேல சந்தனம் ஏறி இன்னும் கொமட்டுதாம். செவப்பு சோப்பு காரம். கை எரியும், ஆனா பால் விட்டுப் போயிடும். அதுக்குத்தான் வாங்கறாங்க, ஒருத்தி சொல்லி ஒருத்திக்குத் தெரியவே ரெண்டு வருஷம் ஆச்சாம். முருகன் படமான்னு கேட்டேன். எந்தப் படம்னு கேட்டாங்க சார். அவங்க யாரும் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்ல. கடைக்காரன் பிரிச்சு வெச்சுக்கிட்டு துண்டு போட்டுத்தான குடுக்கறான்."

கடைச் சுவரில் அத்தனை முருகன் எப்படி வந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் இன்னும் முடிக்கவில்லை. லட்சுமி படம் எல்லார் கைக்கும் போயிருக்கிறது, அதுதான் வினை. குளிக்கிற இடத்தில், ஈரக் கையால் சாமியைக் கிழித்துச் சாக்கடையில் எப்படிப் போடுவது என்று பெண்கள் தவித்திருக்கிறார்கள். ஒருத்தி, பிரிக்கவே மனம் வராமல் வில்லையை அப்படியே சாமி மாடத்தில் வைத்து விபூதி பூசியிருக்கிறாள். இன்னொருத்தி, இனிமேல் இதை இந்தப் பக்கம் கொண்டு வராதே, பாவம் என்று கும்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். ஆக, படம் கண்ணில் படாத சோப் விற்றது, பட்ட சோப் நின்றது. என் கதையைத் தலைகீழாக நிறுத்தினால்தான் அது நிஜம்.

என்மேல் கோபப்படுவார் என்று பயந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தப்பிக்க வழி கிடைத்திருக்கும். அவர் ஒன்றுதான் கேட்டார். "எனக்கு ஒண்ணும் வேணாம் சார். வகுப்புல இப்ப உக்காந்திருக்கறவங்க யாரும் இந்தக் கதைய நம்பி வேலைய விட்டுடக் கூடாது. விழாவுல அந்தக் கதையத்தான் நடத்தப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். நெசத்த சொல்லிடுங்க." பார்ப்போம் என்றேன். வாத்தியார்கள் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

விழா அன்று பெரிய அறையில் உட்கார இடமில்லை. ஏஜென்ட் ஐயா மாலை போட்டுக்கொண்டு நடுவில் இருந்தார். நிகழ்ச்சி நிரலில் மாதிரிப் பாடம் என்று என் பெயர். யாரும் என்னை மிரட்டவில்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியர் காதில் ஓதவில்லை, ஏஜென்ட் ஐயா கண்ணால் எச்சரிக்கவில்லை. நான் அவரிடம் முன்கூட்டியே போய் விஷயத்தைச் சொல்லியிருந்தால், அவர் ஆச்சரியப்பட்டுக் கேட்டிருக்கவும் கூடும். நான் போகவில்லை. மேடையில் அவருக்கு முன்னால் அவர் படம் வேலை செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். அதைவிட, பல வருஷமாக நான் பொய் நடத்தினேன் என்று என் மாணவர்களுக்கு முன்னால் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். பழைய கதை தானாக வந்தது. அத்தனை தடவை நடத்தியது, நாக்குக்குத் தடம் பழகிப் போயிருந்தது.

வழக்கமான இடத்தில் நிறுத்தி, வழக்கமான கேள்வியைக் கேட்டேன். முன் பெஞ்சில் இருந்தவர் எழுந்து, சாமி படம் போடுவேன் சார் என்றார். கைதட்டல். ஏஜென்ட் ஐயா தலையாட்டிச் சிரித்தார். அப்போது பின்னால், கதவோரம் நின்றுகொண்டிருந்த வீராசாமி கையைத் தூக்கினார். அவர் வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

"நானா இருந்தா தோட்டத்துக்குப் போயி, யார் கைக்கு அந்த சோப்பு போகுதோ அவங்கள கேப்பேன் சார்" என்றார்.

எனக்குக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பம் அது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்கிறார், நான் உள்ளே போனால் போதும். சரியான பதில், இவர் போய்க் கேட்டுவிட்டே வந்திருக்கிறார், சொல்லட்டும் கேட்போம் என்று ஒரு வார்த்தை. ஏஜென்ட் ஐயா என் பக்கம் சாய்ந்து, யார் சார் இவர் என்று கேட்டார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். நான் சபைக்கே கேட்கும்படி பதில் சொன்னேன்.

"எங்கட பழைய மாணவர். சோப்பு வியாபாரம் செய்து பாத்தவர், சரிவரேல்லை."

சபை சிரித்தது. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதுதான் அதிலுள்ள அசிங்கம். வீராசாமி தூக்கிய கையை இறக்கினார். அப்படியே கதவு வழியாகப் போய்விட்டார். நான் முருகன் படத்தைத் தூக்கிக் காட்டிப் பாடத்தை முடித்தேன். அன்றைக்குக் கிடைத்ததைப்போல் ஒரு கைதட்டல் எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. அடுத்த வாரமே, உங்கள் கதைகளைப் புத்தகமாகப் போட்டுத் தருகிறேன் என்று ஏஜென்ட் ஐயா சொல்லி அனுப்பினார்.

அச்சுப் பிரதி திருத்திக்கொண்டிருந்த நாட்களில் எனக்குத் தூக்கம் கெட்டது. வீராசாமி மனைவியோடு கேரி தீவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரு லீவு நாளில் கிள்ளானுக்கு ரயிலேறி, பஸ் பிடித்து, படகில் ஆற்றைக் கடந்து போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று எழுத ஆசை. எதற்குப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு இருவரும் லயத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர் கையிலும் மனைவியின் கையிலும் முழங்கைவரை பால் காய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் அவர் தலைப்பாகையை எடுத்தார். வாங்க சார், டீ குடிக்கலாம் என்றார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. நான் அவர் கையிலிருந்த வாளியை வாங்கப் போய் என் விரலெல்லாம் பாலாக்கிக்கொண்டேன். டீ குடிக்கும்போது அவர், "இன்னும் அந்தக் கதைய நடத்தறீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லை. நிப்பாட்டிட்டன்" என்றேன். என் கோட்டுப் பையில் அன்றைக்கு மூன்றாவது கதையின் அச்சுப் பிரதி இருந்தது, ரயிலில் திருத்துவதற்காகக் கொண்டு வந்தது.

அவர் முகம் தெளிந்தது. நல்லதாப் போச்சு சார், அதுதான் என் மனசை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு என்றார். நான் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்ததை அவர் மனைவி பார்த்தாள். உள்ளே போய்ப் பத்திரிகைத் தாளில் சுருட்டியிருந்த ஒரு துண்டை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். "இத போட்டுக் கழுவுங்க சார், போயிடும்" என்றாள். கழுவினேன். எரிந்தது, பால் போய்விட்டது.

ரப்பர் விலை விழுந்த காலத்தில் அந்தத் தோட்டத்து ஆட்களில் பாதிப் பேரைச் சொந்த ஊருக்கே கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். வீராசாமியும் மனைவியும் போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஊர் விலாசம் யாரிடமும் இல்லை. நான் கதையை நிறுத்திவிட்டேன் என்ற நம்பிக்கையோடுதான் வீராசாமி கப்பல் ஏறியிருப்பார்.

நீங்கள் அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட வேண்டாம். கிழித்தால் என் தப்பும் சேர்ந்து போய்விடும். மூன்றாவது கதையை நடத்துங்கள். அதில், மோட்டார் கார் தோட்டத்துக் கடை வாசலில் நின்றது என்று ஒரு வரி வரும். அதற்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருக்கிறது. மாணவர்களிடம் பேனாவை எடுக்கச் சொல்லுங்கள். அங்கே இதை எழுதிக்கொள்ளட்டும்: கடையில் ஒரு பெண் சோப்புத் துண்டோடு நின்றாள். வாத்தியார் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.